ஸ்லாப் கார்டுகளுக்கு ஸ்கேனர் வாங்கும் முன் ஒரு பள்ளிக்கூட அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு, கிரேடு செய்த கிரிக்கெட் கார்டுகளையும் போக்கிமான் கார்டுகளையும் வாங்கி விற்று வருகிறேன். வாங்குகிறவர் பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ இருப்பார். கார்டை அவர் தொட்டுப் பார்க்கப் போவதில்லை என்பதால், கார்டுக்கு முன்னால் அதன் படத்தைத்தான் விலை பேசுகிறார். அந்தப் படத்துக்காக ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று ஸ்கேனர்களுக்குப் பணம் கொடுத்தேன். முதலாவது, பெட்டிக்குள் இருக்கும் கார்டை மூடுபனிக்குள் இருப்பதைப் போலக் காட்டியது. இரண்டாவது வீடு வந்து சேரும் முன்பே பாழானது. மூன்றாவதுதான் இப்போது மேசைமேல் வேலை செய்துகொண்டிருக்கிறது. முதலாவதுக்கு 6,200 ரூபாய், இரண்டாவதுக்கு 4,500 ரூபாய் என்று வீணாய்ப் போன 10,700 ரூபாயில் ஒரு நல்ல கார்டையே வாங்கியிருக்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சொல் விளக்கம். பி.எஸ்.ஏ., பெக்கெட், சி.ஜி.சி. போன்ற தர நிறுவனங்கள் கார்டைச் சோதித்து, 10 வரையுள்ள அளவில் ஒரு மதிப்பெண் தந்து, திறக்க முடியாதபடி மூடிய கெட்டியான ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அனுப்புகின்றன. அந்தப் பெட்டியைத்தான் சேகரிப்போர் ஸ்லாப் என்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் சிலாப் என்றால் காங்கிரீட் பலகை. “ஸ்லாப் வந்திருக்கிறது” என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, வீட்டில் என்ன கட்டுமான வேலை என்று அம்மா விசாரித்ததும் உண்டு.

1. உங்களுக்கு ஸ்கேனர் வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள்

மாதத்துக்கு நாலைந்து கார்டுகள் மட்டுமே கையாளுகிறவர்களுக்கும், பளபளக்கும் ஃபாயில் கார்டுகளை மட்டுமே வைத்திருப்பவர்களுக்கும் கைப்பேசியும் ஒரு தாங்கியும் போதும். கார்டின் நான்கு ஓரங்களும் நேராக, எல்லாக் கார்டுகளும் ஒரே வெளிச்சத்தில், ஒரே அளவில் வரவேண்டும் என்பவர்களுக்குத்தான் ஸ்கேனர். அச்சு நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்பதைக் கரைகளின் அகலத்தைப் பிக்சல் கணக்கில் அளந்து சொல்ல முடிவது இதில் கிடைக்கும் பெரிய ஆதாயம். சற்றே சாய்த்துப் பிடித்த கைப்பேசிப் படத்தில் அந்தக் கணக்கு நிற்காது.

2. டி.பி.ஐ. எண்ணைப் பார்க்காதீர்கள், உணரி (சென்சார்) எந்த வகை என்று பாருங்கள்

நான் முதலில் வழுக்கி விழுந்த இடம் இதுதான். கடையில் போய், தெளிவு அதிகமுள்ள ஸ்கேனர் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் கருவியின் அட்டைப்பெட்டி மேல் இருந்த பெரிய டி.பி.ஐ. எண்ணை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கைக் காட்டி, “இதுல எல்லாம் தெளிவா வரும் மக்களே” என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கண்ணாடிமேல் ஒட்டிக் கிடக்கும் தாளை அந்தக் கருவி மயிரிழை பிசகாமல் எடுத்தது. ஆனால் ஸ்லாபுக்குள் இருக்கும் கார்டு கண்ணாடியை ஒட்டிக் கிடப்பதில்லை. பெட்டியின் விளிம்பு சற்று எழும்பியிருக்கும், அதன்மேல் பிளாஸ்டிக்கின் தடிப்பும் சேரும். ஆகவே கார்டின் முகம் ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து விலகியே நிற்கும். என்னிடம் உள்ள பெட்டிகளில் அளந்தவரை அந்த இடைவெளி 2 முதல் 3 மி.மீ. வரை இருக்கிறது. சட்டைத் துணித் துண்டு பதித்த தடித்த கார்டுகளின் பெட்டிகளில் இது மாறும்.

மேசை ஸ்கேனர்களில் இரண்டு வகை உணரிகள் உண்டு. சி.ஐ.எஸ். வகையில், காகிதத்தின் அகலம் முழுவதற்கும் உணரிகள் கண்ணாடிக்குக் கீழே வெகு அருகில் வரிசையாக நிற்கின்றன. இடையில் இருப்பவை பொடிப்பொடியான கோல் வடிவ லென்சுகள் மட்டுமே. இதனால் கருவி மெலிந்ததாகவும் எடை குறைந்ததாகவும் இருக்கிறது, யு.எஸ்.பி. கம்பியிலிருந்தே மின்சாரமும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பொருள் கண்ணாடியிலிருந்து ஒரு மி.மீ. அளவுக்கு எழும்பினாலே இதன் கூர்மை கரையத் தொடங்கிவிடும். சி.சி.டி. வகையில் வெளிச்சம் பல ஆடிகளில் பட்டுத் திரும்பி, நீண்ட பாதையில் பயணம் செய்து, ஒரே லென்ஸ் வழியாகச் சிறிய உணரியில் விழுகிறது. அந்த நீண்ட பாதையின் பயனாகத்தான் கண்ணாடிக்குச் சில மி.மீ. மேலே இருக்கும் பொருளும் தெளிவாகத் தெரிகிறது. கருவி பருமனாக இருப்பதற்கும், தனி அடாப்டர் வேண்டியிருப்பதற்கும், விலை கூடுவதற்கும் காரணம் அதே அமைப்புதான்.

ஆகவே விவரத்தாளில் நீங்கள் முதலில் தேட வேண்டிய வரி, உணரி சி.சி.டி.யா சி.ஐ.எஸ்.ஸா என்பது. கேனான் லைடு 300, லைடு 400, எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி 39 ஆகியவை சி.ஐ.எஸ்.; எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி 600, வி 850, கேனான் 9000 எஃப் மார்க் 2 ஆகியவை சி.சி.டி. முதல் வரிசையில் உள்ளவை தாள்களுக்கும், ஸ்லாபில் போடாத கார்டுகளுக்கும் நல்ல கருவிகளே. நம் வேலை வேறு, அவ்வளவுதான். லைடு 400-இன் பெட்டியில் 4800 டி.பி.ஐ. என்று போட்டிருக்கும். கார்டு குவியத்துக்கு வெளியே நின்றால், அந்த 4800-உம் மங்கலைத்தான் பெரிதாக்கித் தரும். அச்சடிப்பதும் நகலெடுப்பதும் ஸ்கேன் செய்வதும் சேர்ந்த அலுவலகக் கருவிகளில் பெரும்பாலானவை சி.ஐ.எஸ். வகை என்பதால், வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே என்று நம்பி இறங்க வேண்டாம்.

உண்மையில் வேண்டிய டி.பி.ஐ. எவ்வளவு? சாதாரண கார்டின் அளவு 2.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம். 600 டி.பி.ஐ.யில் எடுத்தால் 1500-க்கு 2100 பிக்சல்; விற்பனைப் படத்துக்கு இது தாராளம். முனை மழுங்கலையோ மேற்பரப்புக் கீறலையோ காட்ட வேண்டுமானால் அந்த ஒரு பகுதியை மட்டும் 1200-இல் எடுத்தால் போதும். இன்றைக்கு விற்கும் கருவிகள் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டுகின்றன. அதற்கு மேல் போட்டிருக்கும் எண்கள் பல, மென்பொருள் இடைச்செருகலாக ஊகித்து நிரப்புகிற எண்கள். கணக்கில் சேர்வது ஆப்டிகல் என்று குறித்த எண் மட்டுமே.

3. பணம் கொடுக்கும் முன் அளவுகோல் சோதனை

வகை தெரிந்த பிறகும் கருவியை நேரில் சோதித்துவிடுங்கள், குறிப்பாகப் பழைய கருவியென்றால். வேண்டியவை: 15 செ.மீ. நீளமுள்ள, ஒளிபுகாத வெள்ளை அளவுகோல் ஒன்று, ஒரு தீப்பெட்டி, ஒரு கறுப்புத் துணி. எஃகு அளவுகோல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

அளவுகோலின் கோடுகள் கண்ணாடியைப் பார்க்கும்படி கவிழ்த்து, ஸ்கேனரின் நீளவாக்கில் நடுவில் வையுங்கள். சுழியம் உள்ள முனை கண்ணாடியைத் தொட வேண்டும். மறுமுனைக்குக் கீழே 15 மி.மீ. உயரம் வரும்படி தீப்பெட்டியை வைத்து, குறைந்தால் தாளை மடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அளவுகோலில் ஒவ்வொரு செ.மீ. தள்ளிப் போகும்போதும் உயரம் 1 மி.மீ. கூடுகிறது. கறுப்புத் துணியால் மூடி, 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, படத்தை முழு அளவில் பெரிதாக்கி, மி.மீ. கோடுகள் தனித்தனியாகத் தெரிவது எதுவரை என்று பாருங்கள். 1 செ.மீ. குறியைத் தாண்டியதும் கோடுகள் ஒன்றோடொன்று கலந்தால், அந்தக் கருவி 1 மி.மீ. உயரத்துக்கு மேல் பார்க்காது என்று பொருள். நமக்கு 4 செ.மீ. குறி வரையாவது கோடுகள் கூர்மையாக நிற்க வேண்டும். என் முதல் கருவி 1 செ.மீ.யைச் சற்றே தாண்டியதும் கை விரித்தது. இப்போதுள்ளது 6 செ.மீ. வரை பிரித்துக் காட்டுகிறது.

கடையில் சீல் பிரிக்க மாட்டார்கள் என்றால், காட்சிக்கு வைத்திருக்கும் கருவியிலாவது செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. வேடிக்கை பார்க்க இரண்டு பேர் கூடுவார்கள், கூடட்டும்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைக் கடைகளில் கையிருப்பில் இருப்பவை பெரும்பாலும் அலுவலகக் கருவிகளே. சி.சி.டி. வகை வேண்டுமென்றால் கடைக்காரர் வெளியிலிருந்து வரவழைத்துத் தருவார், இல்லையென்றால் நீங்களே இணையத்தில் வாங்க வேண்டும். வரவழைக்க ஒரு வாரம் என்று சொன்ன கடையில் எனக்கு 19 நாள் ஆயிற்று. முன்பணம் கொடுக்கும்போதே, வராவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

செலவைப் பொறுத்தவரை, நான் விசாரித்த காலத்தில் புதிய சி.ஐ.எஸ். கருவிகள் 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் இருந்தன, புதிய சி.சி.டி. கருவிக்கு 20,000-க்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. பழைய சி.சி.டி. கருவி 3,000-இலிருந்து கிடைத்தது. விலை சொல்லும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்படவா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்தால் கணக்கில் ஆயிரக்கணக்கில் இடிக்கும். கறுப்பு வெல்வெட் துணி, மைக்ரோஃபைபர் துணி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் என்று இன்னும் ஐந்நூறு ரூபாய் சேரும்.

5. பழைய கருவி என்றால் நான்கு இடங்களைப் பாருங்கள்

முதலாவது, பயணப் பூட்டு. சி.சி.டி. ஸ்கேனர்கள் பலவற்றில், உள்ளே நகரும் பகுதியை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு பூட்டு உண்டு. வி 600-இல் அது பின்பக்கம் இருக்கிறது. கருவியைத் தூக்கிச் செல்லும் முன் பூட்ட வேண்டும். வீட்டில் மின்சாரம் கொடுக்கும் முன் திறக்க வேண்டும். என் இரண்டாவது கருவியைத் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் வாங்கினேன். பூட்டு என்று ஒன்று இருப்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். களியக்காவிளை தாண்டிய பிறகு அந்தச் சாலைப் பள்ளங்களில் பேருந்து குதித்த ஒவ்வொரு குதிப்புக்கும் உள்ளே ஏதோ தடதடத்தது. வீட்டில் இணைத்தபோது ஒரு கரகரப்பு மட்டும் கேட்டது. நகரும் பகுதி தண்டவாளத்தை விட்டு விலகியிருந்தது. பழுது பார்க்கக் கேட்ட கூலி, வாங்கிய விலையை நெருங்கியது.

இரண்டாவது, கண்ணாடியின் உட்பக்கம். கடற்காற்றும் இரண்டு பருவமழைகளும் உள்ள மாவட்டம் இது. மூடி வைத்த கருவிக்குள் ஈரம் தங்கி, கண்ணாடியின் அடியில் வெண்படலமும் பூஞ்சையும் பிடிக்கும். கைப்பேசி விளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாத புகை தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, டிரைவர் மென்பொருள். உங்கள் கணினியில் உள்ள விண்டோஸ் பதிப்புக்கு அந்த மாடலின் டிரைவர் கிடைக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் முன்கூட்டியே பாருங்கள். கிடைக்காவிட்டால் வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள் பல பழைய மாடல்களை இயக்கும்; அந்தக் கட்டணத்தையும் கருவியின் விலையோடு சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். நான்காவது, அடாப்டர். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியென்றால், அடாப்டரின் மேல் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று படியுங்கள். 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் செருகிய உடனே புகைந்துவிடும்.

6. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

புதியது வாங்கினால் ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். “ஸ்கேனர் – 1” என்று மட்டும் போட்ட பில்லை வைத்துக்கொண்டு உத்தரவாதம் கேட்கப் போனால் அலைய விடுவார்கள். சேவை மையம் நாகர்கோவிலிலேயே இருக்கிறதா, திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ கொண்டுபோக வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். போய்வர ஆகும் ஒரு நாளும் செலவுதான். இணையத்தில் வாங்கினால், பொட்டலத்தின் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கிப் பிரித்து முடிக்கும் வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கால அளவையும், பணம் திரும்ப வருமா மாற்றுக் கருவி மட்டும்தானா என்பதையும் பணம் கட்டும் முன் படித்துவிட்டு, கருவி வந்த அன்றே அளவுகோல் சோதனையை முடியுங்கள். பழைய கருவிக்கும் ஒரு வெள்ளைத்தாளில் விற்றவரின் கையெழுத்து, தேதி, சீரியல் எண் வாங்குவது தவறில்லை. நான் வாங்கியிருந்தால் அந்த 4,500 ரூபாயைப் பற்றிப் பேசவாவது முகாந்திரம் இருந்திருக்கும்.

7. முதல் நாள் அமைப்புகள்

மென்பொருளில் தானியங்கி முறையை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறுங்கள். தானியங்கி முறை, ஒளிபுகும் பெட்டியின் ஓரம் எதுவென்று புரியாமல், மதிப்பெண் போட்ட லேபிளையோ விளிம்பையோ வெட்டிவிடும். 24 பிட் வண்ணம், 600 டி.பி.ஐ. என்று வையுங்கள். தூசி நீக்கம், தானியங்கி வெளிச்சம், வண்ண மீட்பு ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கம் என்பது கேட்க நன்றாக இருந்தாலும், அட்டையில் உள்ள உண்மையான வெண்புள்ளியையும் தூசி என்று எண்ணி அழித்துவிடும். பிறகு வாங்கியவர் அந்தப் புள்ளியைக் கண்டு உங்களை ஏமாற்றுக்காரர் என்பார். கூர்மையாக்கும் அமைப்பை அணைத்தோ மிகக் குறைவாகவோ வையுங்கள். விளக்குக் குழல் உள்ள பழைய கருவியென்றால் சில நிமிடம் சூடேற விட்டு, முதல் படத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்லாபை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மேலிருந்து நேராக இறக்கி வையுங்கள். கண்ணாடிமேல் இழுத்தால் இரண்டிலும் கீறல் விழும். இடமும் முக்கியம். சி.சி.டி. கருவியில் ஒரே லென்ஸ் நடுவிலிருந்து பார்ப்பதால், அகலவாக்கில் ஓரமாக வைத்த பெட்டியின் பக்கச் சுவர் சாய்ந்து தெரியும், கார்டும் ஒரு பக்கம் தள்ளியிருப்பதைப் போன்ற மயக்கம் வரும். அகலத்தின் நடுவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே தடவையில் நான்கு ஸ்லாப் எடுத்து நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று கிளம்பியவர்களின் படங்களில் இந்தச் சாய்வைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம்.

மூடியை ஸ்லாபின் மேல் அழுத்தி மூட வேண்டாம். நான் ஒரு செருப்புப் பெட்டியின் உட்புறம் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டி, அதைக் கவிழ்த்து மூடுகிறேன். வெளி வெளிச்சம் நுழைவதில்லை, பெட்டியின் ஒளிபுகும் ஓரங்களும் கறுப்புப் பின்னணியில் எடுப்பாகத் தெரிகின்றன. துடைப்பது முதல் இரு பக்கமும் எடுத்து முடிப்பது வரை ஒரு கார்டுக்கு எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது.

8. பளபளப்பான கார்டுகள் கறுத்துப் போனால்

ஃபாயில், குரோம் கார்டுகளை எடுத்ததும் படம் இருண்டு, வானவில் நிறமெல்லாம் மறைந்து, ஈயத்தகடு போல வந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பளபளப்பு படத்தில் தெறிக்கக் கூடாது என்பதற்காகவே ஸ்கேனரில் விளக்கைச் சாய்வாக வைக்கிறார்கள். ஆடிபோன்ற பரப்பு அந்த வெளிச்சத்தை வேறு திசைக்கு அனுப்பிவிடுகிறது. ஸ்லாபை 90 பாகை திருப்பி வைத்து எடுத்துவிட்டுப் படத்தை நிமிர்த்திப் பார்த்தால் சில கார்டுகளில் முன்னேற்றம் தெரியும். தெரியாதபோது, ஓரங்களுக்கு ஸ்கேன், மினுமினுப்புக்குச் சன்னலோரத்தில் எடுத்த கைப்பேசிப் படம் என இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே என் வழக்கம். வெளிச்சத்தை மென்பொருளில் உயர்த்திச் சரிக்கட்டினால் வெள்ளைக் கரை வெளுத்து, முனைத் தேய்வு மறைந்துபோகும்.

9. படத்தை வெளியே அனுப்பும் முன்

மூலப் படத்தை டிஃப் கோப்பாகச் சேமித்து, விற்பனைக்கு அதிலிருந்து ஜேபெக் நகல் எடுங்கள். ஒரு ஸ்லாபின் ஒரு பக்கம் 600 டி.பி.ஐ.யில் ஏறக்குறைய 19 எம்.பி. வரும், நூறு கார்டுகளின் இரு பக்கமும் சேர்ந்தால் 4 ஜி.பி.யை நெருங்கும் என்பதால் தனி வட்டு ஒன்றை ஒதுக்குங்கள். கோப்பின் பெயராக லேபிளில் தர நிறுவனம் அச்சிட்டிருக்கும் சான்று எண்ணையே வைத்து, முன், பின் என்று சேர்த்துவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை. அனுப்பிய பொட்டலம் வழியில் உடைந்தால், அனுப்பும் முன் ஸ்லாப் எப்படி இருந்தது என்பதற்கும் இந்த மூலப் படமே சாட்சி.

லேபிளை மட்டும் தனியாக 1200-இல் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். உயர்ந்த தெளிவுள்ள லேபிள் படமும் உண்மையான சான்று எண்ணும் கிடைத்தால், அதை அச்சிட்டுப் போலி ஸ்லாப் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் எண்ணைத் தர நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்க விரும்புவது நியாயம்தான். அவருக்கு எண்ணைத் தனியாக எழுதி அனுப்பலாம். ஸ்லாபின் மேல் உள்ள கீறல் ஸ்கேனில் கார்டின் கீறலைப் போலத் தெரியுமானால், “கீறல் பெட்டியில்” என்று விவரத்தில் குறியுங்கள்.

10. மழைக்காலத்தில்

ஜூன் தொடங்கும் முன்பே கருவியின்மேல் துணி உறை போட்டு, அருகில் சிலிக்கா ஜெல் வையுங்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பயன்படுத்தாவிட்டாலும் வாரம் ஒரு முறை இயக்கி இரண்டு ஸ்கேன் எடுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும், கண்ணாடியில் நேரடியாகத் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். கருவியை வேறு அறைக்கு மாற்றுவதானாலும் நகரும் பகுதி தன் இடத்துக்குத் திரும்பும் வரை காத்திருந்து, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டைப் போட்ட பிறகே தூக்குங்கள்.